தண்ணீர் குடிக்காத நூல்

சங்ககிரியில் அந்தப் பஞ்சர் கடைத் தொட்டியில் அதுவரை லாரி டியூபைத் தவிர வேறு எதையும் முக்கியிருக்க மாட்டார்கள். நான் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றதும் கடைக்காரர் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். லாரித் தார்ப்பாயில் மிஞ்சிய துண்டை நானே வெட்டி, அப்பாவின் மெஷினில் நானே தைத்த பை. அதைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, ஐப்பசி மழையில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பையின் வாயை மூன்று சுற்றுச் சுருட்டி, இரு முனைகளையும் வளைத்து பக்கிள் போட்டிருந்தேன். உள்ளே காற்று அடைபட்டுத் தலையணை மாதிரி உப்பி நின்றது.

"காத்து நிக்குதான்னு பாக்கோணுங்கண்ணா" என்றேன்.

இரண்டு கைகளாலும் பையைத் தண்ணீருக்குள் அழுத்தினார். நான் குனிந்து வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் அந்த வாய்க்காகத்தான் மண்டையை உடைத்துக்கொண்டேன். அங்கே ஒரு குமிழிகூட வரவில்லை. ஆனால் பக்கவாட்டில், மேலிருந்து கீழ் வரை, எறும்புச் சாரை போல ஒரே கோட்டில் பொடிப் பொடிக் குமிழிகள் கிளம்பின. ஊசி இறங்கிய ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒன்று.

"வாய் நல்லாத்தான் இருக்குதுங் தம்பி. தையல்தான் ஒழுகுது" என்றார்.

என் அப்பா நாற்பது வருஷம் தார்ப்பாய் தைத்தவர். அவர் மகனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அன்றிலிருந்துதான் இதன் பின்கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவாகியது. தண்ணீர் புகாத பையின் வரலாறு என்று எழுதப் போனால், அது வாயின் வரலாறாக இருப்பதைவிட ஊசித் துளையின் வரலாறாகவே இருக்கிறது.

அப்பா காலத்துத் தார்ப்பாய் இன்றைக்கு இருக்கும் பிளாஸ்டிக் தார்ப்பாய் இல்லை. கனமான காடாத் துணி, மெழுகு ஏற்றியது. நனைந்தால் நான்கு ஆள் சேர்ந்துதான் தூக்க முடியும். இரண்டு பட்டைகளின் ஓரத்தை ஒன்றுக்குள் ஒன்று மடித்து, மேலே இரட்டைத் தையல் போடுவார். பருத்தி நூல்தான். மெஷின் போகாத மூலைகளில் கோணி ஊசியால் கையால் தைக்கும்போது, நூலை ஒவ்வொரு முறையும் மெழுகு உருண்டைமேல் ஓர் இழுப்பு இழுத்துவிட்டே கோப்பார். புதுத் தார்ப்பாயை வாங்கிப் போகிற டிரைவர்களிடம் தவறாமல் சொல்வார்: "மொத மழைக்குக் கொஞ்சம் சொட்டுங். அது குடிச்சுக்கட்டும். அப்பறம் ஒரு சொட்டு எறங்காது." சின்ன வயதில் அதை வியாபாரப் பேச்சு என்று நினைத்திருந்தேன். அது நூலின் குணம். பருத்தி இழை தண்ணீர் குடித்தால் பருக்கும். பருத்த நூல் ஊசி போட்ட துளையைத் தானே அடைத்துவிடும். காடாத் துணிக் கூடாரம் வாங்குகிறவர்கள் முதலில் அதை விரித்து நன்றாக நனைத்துக் காயவிட வேண்டும் என்று வெளிநாட்டுக்காரர்களும் சொல்வது இதனால்தான்.

இந்த அறிவு மிகப் பழையது. வடதுருவத்தை ஒட்டி வாழும் இனுயிட் மக்களின் பெண்கள் சீல் தோலில் காலணியும் படகின் மேலுறையும் தைக்கும் முறையைப் படித்தபோது எனக்கு அப்பாவின் கைதான் நினைவுக்கு வந்தது. ஊசி தோலை முழுக்கத் துளைத்து மறுபக்கம் வராது. தோலின் கனத்தில் பாதி வரை போய், அங்கேயே திரும்பி வந்துவிடும். ஒரு பக்கம் இப்படி ஒரு வரிசை, தோலைத் திருப்பி மறுபக்கம் இன்னொரு வரிசை. எந்தத் துளையும் உள்ளிருந்து வெளியே வரை ஒரே வழியாகப் போகாது. நூல், விலங்குகளின் தசைநார். அதுவும் நனைந்தால் பருக்கும். அந்தக் கடலில் காலணி ஒழுகினால் கால் விரல் போய்விடும், படகு ஒழுகினால் உயிர் போய்விடும். அதனால் ஒரு தையலும் அலட்சியமாகப் போடப்படவில்லை.

காற்று அடைப்பதிலும் அவர்களுக்குக் கைதேர்ச்சி இருந்தது. ஒரு சீலின் தோலைக் கிழிக்காமல் முழுதாக உரித்து, துளைகளையெல்லாம் அடைத்துக் கட்டி, ஊதிப் பெரிதாக்குவார்கள். ஊதுகிற வாயில் மரத்தாலோ தந்தத்தாலோ செய்த சிறு குழலும் அதற்கொரு அடைப்பானும் இருக்கும். அதன் பெயர் அவத்தாக். ஈட்டி பாய்ந்த திமிங்கலம் ஆழத்துக்கு முழுகிப் போகாமல் இழுத்துப் பிடிக்கும் மிதவை அது.

நம் கடற்கரையிலும் இதே பாடம் இருந்தது. சென்னைத் துறைமுகம் கட்டுவதற்கு முன்னால், கப்பல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, அலை மோதுகிற கரைக்கு ஆளையும் சரக்கையும் கொண்டுவந்து சேர்த்தது மசூலாப் படகு. அதில் ஆணி கிடையாது. பலகைகளை நார்க் கயிற்றால் ஒன்றோடொன்று தைத்திருப்பார்கள். பலகை சேரும் இடத்தில் வைக்கோலையோ நாரையோ திணித்து, அதன் மேல்தான் தையல் ஓடும். தண்ணீர் பட்டதும் அந்தத் திணிப்பு ஊதி இடுக்கை அடைத்துக்கொள்ளும். ஆணி அடித்த படகு மணலில் மோதினால் விரிசல் விடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். தையல் என்பது தண்ணீருக்கு ஆகாத விஷயம் என்று இன்று யாராவது சொன்னால், அந்தப் படகோட்டிகள் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

சிக்கல் தொடங்கியது ரப்பர் வந்த பிறகு.

1823-இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்லஸ் மேக்கின்டாஷ் ஒரு காப்புரிமை வாங்கினார். நிலக்கரியிலிருந்து விளக்குக்கு வாயு எடுக்கும் ஆலைகளில் தார் மிஞ்சும். அந்தத் தாரிலிருந்து கிடைத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, அந்தப் பசையை இரண்டு துணிகளுக்கு நடுவில் தடவி ஒட்டினார். தண்ணீர் புகாத துணி பிறந்தது. (பஞ்சர் கடையில் 'சொல்யூஷன்' என்கிறோமே, அதுவும் கரைப்பானில் கரைத்த ரப்பர்தான். இருநூறு வருஷத்து மேக்கின்டாஷின் பசை இன்னும் அந்தச் சின்ன டின்னில் உயிரோடு இருக்கிறது.) துணி பிரமாதம். தையற்காரர்கள் அதை வாங்கிப்போய் வழக்கம்போல ஊசியால் தைத்தார்கள். ரப்பர் தண்ணீர் குடிக்காது, பருக்காது. குத்திய துளை குத்தியபடியே நின்றது. மேக்கின்டாஷ் கோட்டுப் போட்டவர்கள் தையல் வழியே நனைந்தார்கள். கடைசியில் நிறுவனமே உடுப்புகளைத் தைத்து, தையல்மேல் ரப்பர் பூசி விற்க வேண்டிவந்தது.

அந்த ரப்பருக்கு வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும் குணம் வேறு. அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839-இல் கந்தகமும் சூடும் சேர்த்தால் அந்தக் குணம் மாறுவதைக் கண்டார், 1844-இல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக்கும் அதே சமயத்தில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். அதன்பின் ரப்பர் துணி எங்கும் பரவியது. ஆனால் ஊசித் துளை மட்டும் தீரவில்லை.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போன ஒரு முயற்சியை நான் இங்கே சொல்லாமல் விட முடியாது. இரண்டாம் உலகப் போர் நெருங்கியபோது பிரிட்டனில் தீயணைப்புக் குழாய்க்கு வேண்டிய சணல் வகை நார் கிடைக்காமல் போகும் என்று பயந்தார்கள். அந்தக் குழாய்களுக்கு உள்ளே ரப்பர் கிடையாது. வெறும் நெசவுதான். தண்ணீர் விட்டதும் முதலில் கசியும், இழை பருத்ததும் நின்றுவிடும். அதற்கு மாற்றாக மான்செஸ்டரின் ஷர்லி ஆய்வுக்கூடத்தில் நீள இழைப் பருத்தியை மிக நெருக்கமாக நெய்து பார்த்தார்கள். அது வென்டைல் என்ற துணியானது. சரக்குக் கப்பலிலிருந்து விமானத்தோடு எறியப்பட்டுப் பறந்து, திரும்பி இறங்க இடமில்லாமல் குளிர்ந்த கடலில் விழ வேண்டியிருந்த விமானிகளுக்கு 1943 வாக்கில் அந்தத் துணியில் உடுப்பு தைத்தார்கள். உறைபனித் தண்ணீரில் சில நிமிடங்களே தாங்கக்கூடியவர்களுக்கு இருபது நிமிடம்வரை கிடைத்தது. பூச்சு ஏதும் இல்லை. பருத்தி தண்ணீர் குடித்துத் தன்னைத்தானே அடைத்துக்கொண்டது. அப்பாவின் முதல் மழைப் பேச்சை ஓர் ஆய்வுக்கூடம் விமானிகளின் உயிரைக் காக்கும் உடுப்பாக்கியிருக்கிறது. அவர் உயிரோடு இருந்தபோது இது எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்பதில் எனக்கு இன்னும் வருத்தம்.

இனி வாய்க்கு வருகிறேன். அது உண்மையிலேயே எளிய விஷயம், நாம் தினமும் கையால் செய்வது. சாக்கின் வாயைச் சுருட்டுகிறோம். வேட்டியை இடுப்பில் மடித்துச் சுருட்டிச் செருகினால், முடிச்சே இல்லாமல் நாள் முழுக்க நிற்கிறது. ஓட்டலில் பார்சல் சாம்பார் கட்டுகிறவர் பாலித்தீன் கவரின் கழுத்தைத் திருகி நூலைச் சுற்றும் வேகத்தை நின்று பார்த்திருக்கிறேன். கவர் உப்பி நிற்கும், கவிழ்த்தாலும் சொட்டாது. 2019 ஜனவரி முதல் அந்தக் கவருக்குத் தமிழ்நாட்டில் தடை. நல்லதுதான். ஆனால் அந்தக் கை வித்தை ஒரு தொழில்நுட்பம் என்பதை மறுக்க முடியாது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை வீரர்களுக்குக் கொடுத்த ரப்பர் பூசிய பைகளுக்கும் வாய் இப்படித்தான் இருந்தது. மடித்துச் சுருட்டி வார் போட்டு இறுக்க வேண்டும். போர் முடிந்ததும் இந்தப் பைகளும் ரப்பர்ப் படகுகளும் மலிவு விலைக்கு வந்தன. கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு வழியே படகில் போகத் துணிந்தவர்கள் அவற்றை வாங்கினார்கள். ஜார்ஜி ஒயிட் என்ற பெண்மணி 1950களில் படைப் படகுகளைப் பிணைத்துக் கட்டிப் பயணிகளை அந்த ஆற்றில் அழைத்துப் போனார். ரப்பர் ஓரம் வைத்த தோட்டாப் பெட்டிகளில் கேமரா போனது, கறுப்புப் பைகளில் படுக்கையும் துணியும் போயின. போருக்குச் செய்த பை ஆற்றுக்குப் போனது இப்படி. பழைய சரக்குத் தீர்ந்தபோது, ஆற்றில் போகிறவர்களே புதுப் பைகளைச் செய்துகொள்ளத் தொடங்கினார்கள். 1970களில் அமெரிக்காவில் வீட்டிலேயே தைத்துக்கொள்ளும்படி வெட்டிய துணியும் குறிப்பும் சேர்த்து விற்ற காலமும் ஒன்று இருந்தது. கொலராடோவின் ஃப்ராஸ்ட்லைன் கூடாரம், கோட்டு, முதுகுப்பை என்று எல்லாவற்றையும் அப்படிப் பொட்டலமாக விற்றது. தையல் மெஷின் உள்ள வீடு ஒவ்வொன்றும் ஒரு பட்டறை.

எனக்கு மிகப் பிடித்த பகுதி ஜெர்மனியில் நடந்தது. 1981-இல் ஹார்ட்முட் ஆர்ட்லீப் என்ற இளைஞர் சைக்கிளில் தென் இங்கிலாந்தைச் சுற்றப் போனார். மழை விடவில்லை, பையில் இருந்ததெல்லாம் நனைந்தது. சாலையில் அவரைக் கடந்துபோன லாரிகளின் சரக்கு மட்டும் தார்ப்பாய்க்குள் காய்ந்து கிடந்தது. ஊருக்குப் போய் லாரித் தார்ப்பாய்த் துணியை வாங்கி, அம்மாவின் தையல் மெஷினில் பை தைத்தார். 1982-இல் நிறுவனம் தொடங்கினார். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. சங்ககிரியில் லாரி நிற்காத தெரு கிடையாது. தார்ப்பாய் தைக்கும் வீட்டில் பிறந்து, மழையில் சைக்கிள் ஓட்டி, நனைந்த புத்தகத்தை விசிறிக்கடியில் காயவைத்த நான், மேலே மூடியிருப்பதை ஒருநாளும் அண்ணாந்து பார்க்கவில்லை.

அவருக்கும் தையல் ஒழுகியிருக்கிறது. விடை, ஊசியையே விட்டுவிடுவது. பி.வி.சி. பூசிய துணிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, உலோக அச்சுகளுக்கு நடுவில் அழுத்தி, உயர் அதிர்வெண் மின்புலத்தைப் பாய்ச்சினால் இரண்டும் உருகி ஒன்றாகிவிடும். பெரும்பாலும் 27.12 மெகாஹெர்ட்ஸ். அதாவது புலம் நொடிக்கு 2 கோடியே 71 லட்சம் சுற்று திசை மாறும். பி.வி.சி. மூலக்கூறின் ஒருபக்கம் சற்று நேர்மின், மறுபக்கம் சற்று எதிர்மின். புலம் திரும்பும்போதெல்லாம் அதுவும் திரும்பப் பார்த்து, அந்த உரசலில் உள்ளிருந்தே சூடாகும். பாலித்தீனுக்கு அந்த இரட்டைக் குணம் இல்லாததால் இந்த முறை அதனிடம் பலிக்காது. தையல் இல்லை, துளை இல்லை, பருக்க வேண்டிய நூலும் இல்லை.

எங்கள் வீட்டுக்கு பிளாஸ்டிக் வந்தது இந்தக் கதையின் இன்னொரு முனை. புதுத் தார்ப்பாய் எடை குறைவு, மெழுகு வேண்டாம், மக்காது. அப்பா அதை நைலான் நூலால் தைத்துக் கொடுத்தார். வழக்கம்போல "மொத மழை குடிச்சுக்கட்டும்" என்றார். ஈரோட்டிலிருந்து மஞ்சள் ஏற்றிப் போன வண்டி ஒன்று திரும்பி வந்தது. டிரைவர் சண்டை போடவில்லை. "ஏனுங் மாமா, இத்தன வருசமா உங்க தையல்ல ஒரு சொட்டு எறங்குனதில்லீங்களே" என்று மட்டும் கேட்டார். அப்பா தார்ப்பாயை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். தையல் நெடுக வெளிச்சப் புள்ளிகள். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நூல் பருத்தியைப் போலத் தண்ணீர் குடிக்காது, எத்தனை மழை வந்தாலும் பருக்காது. அவர் கையில் குறை ஏதும் இல்லை. இனுயிட் பெண்களும் மசூலாப் படகோட்டிகளும் நம்பியிருந்த ஒரு குணம் நூலை விட்டுப் போய்விட்டது, அவ்வளவுதான். அதை அன்று எடுத்துச் சொல்ல அவர் பக்கத்தில் ஆள் இல்லை.

பஞ்சர் கடையிலிருந்து திரும்பிய நான் இரண்டாவது பையைத் தைக்கவில்லை, தேய்த்தேன். ஒருபக்கம் டி.பி.யூ. என்ற பிளாஸ்டிக் பூசிய நைலான் துணி கிடைக்கிறது. பூசிய பக்கங்கள் இரண்டையும் எதிரெதிரே வைத்து, மேலே பேக்கரித் தாள் விரித்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். ஓரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒட்டு. சூடு பதமாக இருக்க வேண்டும். குறைந்தால் ஆறியதும் உரிந்து வரும், கூடினால் பூச்சு குமிழ் விடும். துண்டுகளில் ஏழெட்டு முறை ஒட்டிப் பிரித்துப் பார்த்த பிறகே கை பழகியது. ஒட்டைப் பிரிக்க இழுத்தால், ஒட்டு விடாமல் பூச்சு துணியைவிட்டுக் கிழிந்து வர வேண்டும். அதுதான் சரியான பதம். கீழ் மூலைகள்தான் கஷ்டம். அங்கே மடிப்பின்மேல் மடிப்பு சேர்ந்து சூடு உள்ளே இறங்காது. இஸ்திரிப் பெட்டியின் மூக்கை வைத்து, பெட்டியை அசைக்காமல் அழுத்தி, ஆறும்வரை ஒரு கனமான கத்தரிக்கோலை மேலே வைத்துவிட்டேன்.

வாய்க்கு முதல் பையில் கற்றதே போதும். சுருட்டும்போது வெளி அடுக்கு உள் அடுக்கைவிடச் சற்று நீளமான பாதையில் போக வேண்டும். இரண்டு உதட்டிலும் விறைப்பான பட்டை வைத்தால் அடுக்குகள் நழுவ முடியாமல் நடுவில் சுருக்கம் விழும். ஒவ்வொரு சுருக்கமும் தண்ணீருக்கு ஒரு வாய்க்கால். அதனால் ஓர் உதட்டில் மட்டும் இரண்டரை சென்டிமீட்டர் பட்டை வைத்து, மற்றதைத் துவள விட்டேன். மூன்று சுற்றுக்கு ஏழரை சென்டிமீட்டர் துணி உள்ளே போய்விடும். ஆக, பையை வேண்டிய உயரத்தைவிட அந்த அளவாவது கூடுதலாக வெட்ட வேண்டும். சுருட்டும் முன் உதடுகளில் மணல் இருந்தால் துடைத்துவிட வேண்டும். ஒரு மணல்துகள் போதும், அதைச் சுற்றி ஓர் இடுக்கு உண்டாகிவிடும். முனைகளைச் சுருளுக்கு எதிர்ப்பக்கமாக வளைத்து பக்கிளை மாட்டினால், சுருள் அவிழாமல் வார் அதைப் பிடித்துக்கொள்ளும். இது மழைக்கும், தண்ணீரில் தவறி விழுந்து மிதப்பதற்கும் உள்ள வாய். ஆழத்தில் முக்கி வைப்பதற்கு உள்ளதில்லை. ஒரு மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் காற்றழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு வந்துவிடும், நேரம் கொடுத்தால் மடிப்புக்குள் வழி கண்டுபிடித்துவிடும்.

மறுபடியும் பஞ்சர் கடை. இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை, தொட்டியில் கிடந்த டியூபை எடுத்து ஓரமாகப் போட்டார். பையை அழுத்தினார். பக்கவாட்டில் ஒன்றுமில்லை. வாயில் ஒன்றுமில்லை. இடது கீழ் மூலையில் ஒரு குமிழி, சற்று இடைவெளி விட்டு இன்னொன்று. பேனாவால் அந்த இடத்தில் வட்டம் போட்டுக் கொடுத்தார், டியூபுக்குப் போடுவது போலவே. வீட்டுக்கு வந்து மூலையை மறுபடி தேய்த்தேன். மூன்றாம் முறை தொட்டி அசையாமல் இருந்தது.

அந்தப் பையில் ஊசி பட்ட இடம் ஒன்றே ஒன்றுதான். பக்கிளைத் தாங்கும் நாடாவை உதட்டின் விளிம்பில் தைத்துத்தான் ஆக வேண்டும். சுருட்டினால் அந்த விளிம்பு சுருளுக்கு நட்டநடுவே போய்விடும், தண்ணீர் அங்கே எட்டாது. எந்த நூலாலும் தைக்கலாம். அப்பாவின் மெஷின் டிராயரில் பருத்தி நூற்கண்டு ஒன்று பாதி மிச்சம் இருந்தது, பக்கத்திலேயே நூல் இழுத்த கோடுகளோடு அவருடைய மெழுகு உருண்டை. அந்தக் கோட்டிலேயே நூலை வைத்து ஓர் இழுப்பு இழுத்துக் கோத்தேன்.

கொல்லிமலை ஏறிய அன்று மழை அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலேயே பிடித்துக்கொண்டது.